மாதிரிக்குள் வராதவர்கள்

2007ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று புதுதில்லியில் ஓர் எண் ஏறத்தாழப் பாதியானது. இந்தியாவில் 52 லட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வதாகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அதுவரை கூறிவந்தது. ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு முந்தைய ஆண்டு வெளியிட்ட கணக்கு 57 லட்சம். அந்தக் கணக்கின்படி 55 லட்சம் பேருடன் இருந்த தென்னாப்பிரிக்காவைத் தாண்டி, உலகிலேயே அதிகத் தொற்றாளர்களைக் கொண்ட நாடாக இந்தியா ஆகியிருந்தது. அன்று மத்திய சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாஸ் அறிவித்த புதிய மதிப்பீடோ 25 லட்சம். அது 20 லட்சத்திற்கும் 31 லட்சத்திற்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்பது உடன் சொல்லப்பட்ட எச்சரிக்கை. வயதுவந்தோரில் 0.36 விழுக்காடு. இடைப்பட்ட காலத்தில் இருபத்தேழு லட்சம் பேர் குணமடையவும் இல்லை, மடியவும் இல்லை. அவர்கள் தாளில் மட்டுமே பிறந்து தாளிலேயே மறைந்தவர்கள்.

இந்த வீழ்ச்சியைப் பலரும் தத்தம் சார்புக்கேற்பப் படித்தனர். நிதி திரட்டுவதற்காக எண் ஊதப்பட்டது என்றனர் சிலர்; அவமானத்தை மறைக்க அரசு எண்ணைச் சுருக்கிவிட்டது என்றனர் வேறு சிலர். இரு தரப்பினருக்கும் பிடிமானம் இருந்தது. 2002இல் அமெரிக்க உளவுத்துறையின் ஆய்வுக் குழு ஒன்று, 2010க்குள் இந்தியாவில் 2 கோடி முதல் 2.5 கோடிப் பேர் வரை தொற்றுக்குள்ளாகக்கூடும் என்று கணித்திருந்தது. அதே ஆண்டு பில் கேட்ஸ் பெருந்தொகையுடன் இந்தியா வந்தபோது, அன்றைய சுகாதார அமைச்சர் சத்ருகன் சின்ஹா பீதியைப் பரப்ப வேண்டாம் என்று வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். ஆனால், நோக்கங்களைத் துருவுவதால் எண் எப்படிப் பிறந்தது என்பது விளங்காது. யாருடைய இரத்தம் கையில் கிடைத்தது, யாருடையது கிடைக்கவில்லை, கிடைக்காதவர்களைப் பற்றி என்ன கருதிக்கொள்ளப்பட்டது என்ற மூன்று வினாக்களிலேயே 1986 முதல் 2007 வரையிலான இந்த வரலாறு அடங்கியிருக்கிறது.

தமிழில் 'மாதிரி' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. ஒரு பிடி எடுத்துப் பார்ப்பதற்கான கூறும் மாதிரிதான். 'அவன் மாதிரி இவன்' என்னும்போது ஒப்புமையைக் குறிப்பதும் அதே சொல்தான். புள்ளியியலின் நம்பிக்கை முழுவதும் இவ்விரு பொருளுக்கும் இடையிலான பாதையில் நிற்கிறது. எடுக்கப்பட்டவர் எடுக்கப்படாதவரைப் போன்றவர் என்றால்தான் மாதிரி மாதிரியாகும். சோற்றுப் பானையில் ஒரு பருக்கை போதும் என்ற வழக்கு, பானை நன்றாகக் கிளறப்பட்டிருக்கிறது என்ற நிபந்தனையைச் சொல்லாமல் வைத்திருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி.யின் முதல் மாதிரியே கிளறப்படாத பானையிலிருந்து எடுக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவின் பட்டமேற்படிப்பு ஆய்வுக்கு எய்ட்ஸ் கண்காணிப்பைத் தலைப்பாகத் தந்தார். அமெரிக்காவில் நோய் வெளிப்பட்டிருந்தாலும் இந்திய ஒழுக்கத்தை மீறி அது இங்கு நுழையாது என்ற நம்பிக்கை மருத்துவர்களிடையேயும் இருந்த காலம் அது. சென்னையில் பம்பாயைப் போல ஒரே இடத்தில் திரண்ட பாலியல் தொழில் பகுதி கிடையாது. பெண்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. எனவே, காவல்துறையால் பிடிக்கப்பட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா இரத்தம் எடுத்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1986இன் தொடக்கத்தில், எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஆறு நேர்மறையாக வந்தன. அமெரிக்காவில் மீண்டும் சோதிக்கப்பட்டு முடிவு உறுதியானது.

மிகக் குறைந்த வசதிகளுடன் நிகழ்ந்த துணிச்சலான கண்டுபிடிப்பு அது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த ஆறு என்ற எண் எதன் பின்னம் என்பதைக் கவனிக்க வேண்டும். எண்பது பேருக்கு ஆறு பேர் என்பது சென்னையின் விகிதமும் அன்று. சென்னையின் பாலியல் தொழிலாளர்களின் விகிதமும் அன்று. பிடிபட்டவர்களின் விகிதம். காவலரின் கைக்கு எட்டாதவர்களும், மாமூல் கொடுத்துத் தப்பியவர்களும், வீட்டிலிருந்தே தொழில் செய்தவர்களும் அதில் இல்லை. தடுத்துவைக்கப்பட்டவர் தரும் ஒப்புதல் எந்த அளவுக்கு ஒப்புதல் என்பது தனிக் கேள்வி. அதைவிடவும் நீண்ட விளைவை ஏற்படுத்தியது, நேர்மறை முடிவு வந்த பெண்கள் பிறகு நடத்தப்பட்ட விதம். விடுவிக்கப்பட வேண்டிய காலம் கடந்தும் அவர்கள் காப்பகத்திலேயே அடைத்துவைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிய பின்னரே விடுதலை கிடைத்தது. கோவாவில் 1987இல் திருத்தப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்றாளர்களைத் தனிமைப்படுத்த அரசுக்கு அதிகாரம் தந்தது. 1989இல் இரத்த தானம் செய்த டொமினிக் டி'சோசா என்ற இளைஞர், அந்த இரத்தம் நேர்மறையாக வந்ததால் காவலர்களால் அழைத்துச்செல்லப்பட்டு, கைவிடப்பட்ட காசநோய் மனையொன்றில் 64 நாள் காவலில் வைக்கப்பட்டார். அதே ஆண்டு மாநிலங்களவையில் எய்ட்ஸ் தடுப்பு மசோதா ஒன்றும் கொண்டுவரப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது.

புள்ளியியல் நூல்களில் 'பதிலளிக்காதோர்' என்ற தலைப்பின்கீழ் அடங்கிவிடும் மக்கள் இயல்பாகவே கூச்சம் மிகுந்தவர்களோ அக்கறையற்றவர்களோ அல்லர். ஊசிக்குக் கை நீட்டியவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தவர்கள். மாதிரிக்குள் வராமை, முன்பு மாதிரிக்குள் வந்தவர்களின் அனுபவத்திலிருந்து பிறக்கிறது. ஆக, அளவிடும் செயலே அளக்கப்படவேண்டிய மக்களை அளவுகோலுக்கு வெளியே தள்ளியிருக்கிறது.

1998இல் நாடு தழுவிய சென்டினல் கண்காணிப்பு ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கியபோது, இந்தச் சிக்கலை அது சாமர்த்தியமாகச் சுற்றிக்கொண்டு சென்றது. நாடெங்கும் ஏறத்தாழ 180 இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பேறுகாலப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு வரும் கருவுற்ற பெண்களிடம் மேகநோய்ச் சோதனைக்காக எப்படியும் இரத்தம் எடுக்கப்படும். அதில் எஞ்சும் பகுதியிலிருந்து பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு எச்.ஐ.வி.க்குச் சோதிப்பார்கள். ஓரிடத்திற்கு 400 மாதிரி. பால்வினை நோய்ச் சிகிச்சை மையங்கள் போன்ற இடங்களில் 250. யாரும் மறுக்க வழியில்லை, ஏனெனில் யாரிடமும் கேட்கப்படவில்லை. தமக்குத் தொற்று இருப்பது ஆய்வகத்தின் ஏட்டில் ஓர் எண்ணாகப் பதிந்திருக்க, அந்தப் பெண் அதை அறியாமலே வீடு திரும்புவார். மறுப்பினால் வரும் பிழையை நீக்கத் தரப்பட்ட விலை இது. அந்த விலையைச் செலுத்தியவர் கணக்கிடும் அமைப்பு அல்லர் என்பதை உலக அளவில் அறவியலாளர்கள் அப்போதே சுட்டிக்காட்டியுள்ளனர்.

முறையின் நோக்கம் போக்கைக் கவனிப்பது. ஒரே இடத்தில், ஒரே வகையினரிடம், ஆண்டுக்கு ஆண்டு சோதித்தால் தொற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். அதற்கு அது நல்ல கருவி. ஆனால் போக்கைக் காட்டும் கருவியிடம் மொத்த எண்ணிக்கையையும் கேட்டார்கள். கருவுற்ற பெண்களின் விகிதம் 'பொது மக்கள்' என்று பெயரிடப்பட்ட அனைவருக்கும் நீட்டப்பட்டது. இந்தப் பெயரிடலே ஒரு வாதம். மகப்பேறு மருத்துவமனையின் வரிசையில் ஆண்கள் இல்லை. மணமாகாதவர்கள் அநேகமாக இல்லை. தனியார் மருத்துவமனைக்குச் செல்ல வசதியுள்ளவர்கள் இல்லை. மருத்துவமனைக்கே வராதவர்கள் இல்லை. தொற்றினால் கருவுறும் வாய்ப்புக் குறைந்த பெண்களும் இல்லை. இவற்றுள் சில இன்மைகள் எண்ணைக் கூட்டும், சில குறைக்கும். அவை ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என்பது நம்பிக்கையாக இருந்ததே தவிர, சோதித்துப் பார்த்த முடிவாக இருக்கவில்லை.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது ஒரே ஒரு மாவட்டத்தில் நடந்த ஆய்வு. ஐதராபாத்தில் இருந்த லலித் தன்டோனாவும் அவருடைய குழுவினரும் ஆந்திரப் பிரதேசத்தின் குண்டூர் மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட 12,000க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சேகரித்தனர். 2006 இறுதியில் வெளியான அவர்களது கட்டுரையின்படி, வயது, பாலினம், ஊர்-நகர்ப் பகுப்புக்கேற்பச் சரிசெய்யப்பட்ட பரவல் 1.72 விழுக்காடு. வீடுகளில் அகப்படாத உயர் ஆபத்துக் குழுக்களையும் சேர்த்துக்கொண்டால் மாவட்டத்தில் ஏறத்தாழ 45,900 தொற்றாளர்கள். சென்டினல் கண்காணிப்பின் வழிமுறையை அதே மாவட்டத்திற்குப் பொருத்தினால் கிடைத்ததோ 1,12,600. இரண்டரை மடங்கு.

வேறுபாட்டின் காரணங்களை அவர்கள் பிரித்துக் காட்டிய விதம் இன்றும் மாணவர்கள் வரிக்கு வரி படிக்கத் தக்கது. முதலாவது, அரசு மருத்துவமனையை நாடுவோர் பெரும்பாலும் ஏழைகள்; அந்த மாவட்டத்தில் தொற்றும் ஏழைகளிடையே கூடுதலாக இருந்தது. இரண்டாவது, தனியார் மருத்துவர்கள் தொற்றுள்ளவர்களையும் தொற்று இருக்குமோ என ஐயத்துக்கு உள்ளானவர்களையும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவது அங்கு வழக்கம். பல வாய்க்கால்களின் கழிவும் வந்து சேரும் மடையில் நின்றுகொண்டு ஆற்றின் தூய்மையை அளப்பது போன்ற நிலை. மூன்றாவது, பால்வினை நோய் மையங்களில் கண்ட உயர்ந்த விகிதத்தை மக்கள்தொகையின் ஒரு பகுதிக்குப் பொருத்தி, அதையும் மொத்தத்தில் கூட்டியிருந்தார்கள். ஏற்கெனவே எண்ணப்பட்டவர்கள் மீண்டும் எண்ணப்பட்டனர். சமூகத்தின் ஒதுக்கலே எண்ணை ஊதியது என்று சொல்லலாம். எய்ட்ஸ் நோயாளியைத் தீண்ட மறுத்த தனியார் மருத்துவர், தம்மை அறியாமலே தேசிய மதிப்பீட்டில் பங்களித்திருக்கிறார்.

இதற்குள் மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2005-06) நாடு முழுவதும் முடிந்திருந்தது. 1,02,000க்கும் மேற்பட்டோரின் விரல்நுனி இரத்தம் வடிதாளில் உலர்த்தப்பட்டுச் சோதிக்கப்பட்டது. 15 முதல் 49 வயதினரில் தொற்று 0.28 விழுக்காடு; பெண்களில் 0.22, ஆண்களில் 0.36. மணிப்பூரில் 1.13, ஆந்திரத்தில் 0.97, கர்நாடகத்தில் 0.69, மகாராட்டிரத்தில் 0.62, தமிழ்நாட்டில் 0.34. இந்த ஆய்வே 2007இன் திருத்தத்திற்குத் தூணாயிற்று. அப்போது அதன் பக்கம் ஒரு விதமான வெற்றிக் களிப்பும் இருந்தது: மருத்துவமனை வரிசையை நம்பிய காலம் முடிந்தது, இனி மக்களையே நேரில் அளப்போம் என்று.

வீட்டுக் கணக்கெடுப்பு யாரை அளக்கிறது? ஒரே அடுப்பில் சமைத்து ஒன்றாக வாழ்வோர் ஒரு குடும்பம். முந்தைய இரவு அங்கு உறங்கியவர் கணக்கில் வருவார். இவ்வளவு எளிய வரையறைதான். ஆனால் அந்த இரவில் நெடுஞ்சாலையோரம் லாரிக்குள் உறங்கிய ஓட்டுநர், கட்டுமானத் தளத்துக் கொட்டகையில் படுத்திருந்த தொழிலாளி, சிறைவாசி, படைமுகாமில் இருந்த வீரர், நடைபாதையில் கிடந்தவர், விடுதி அறையில் தொழில் செய்த பெண் ஆகியோர் யாருடைய அடுப்புக்கும் உரியவர்கள் அல்லர். எச்.ஐ.வி. பரவலைப் பற்றி அறிந்த எவரும் முதலில் விசாரிக்கும் பெயர்களின் பட்டியலும் இதுவே. நாகாலாந்து முழுவதுமே விடுபட்டது; உள்ளூர் எதிர்ப்பின் காரணமாக அங்கு இரத்தம் எடுக்கப்படவில்லை. ஊசிவழி போதைப்பொருளால் தொற்று பரவிய வடகிழக்கு மாநிலங்களுள் ஒன்று அது. வீட்டுக்குள் இருந்தவர்களிலும் எல்லாரும் கை நீட்டிவிடவில்லை. தகுதியுள்ள பெண்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினரும் ஆண்களில் 78 விழுக்காட்டினருமே சோதிக்கப்பட்டனர்.

விடுபட்டவர்கள் சிறு தொகையினர்தானே, அவர்களால் என்ன மாறிவிடும் என்ற வினாவுக்குச் சிறிய கணக்கு ஒன்று போதும். கற்பனையாக ஒரு லட்சம் வயதுவந்தோர் உள்ள மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 99,000 பேர் வீடுகளில், அவர்களில் 0.3 விழுக்காட்டினருக்கு, அதாவது 297 பேருக்குத் தொற்று. வீட்டுக் கணக்கெடுப்பில் அகப்படாதவர்கள் ஆயிரம் பேர். அவர்களில் 10 விழுக்காடு, அதாவது 100 பேர். மொத்தம் 397. மக்களில் நூற்றில் ஒருவரை விட்டதால் தொற்றாளர்களில் நால்வரில் ஒருவர் கணக்கிலிருந்து மறைகிறார். இதே மாவட்டம், வீடுகளிலேயே 10 விழுக்காடு பரவல் உள்ள தென் ஆப்பிரிக்கப் பகுதி ஒன்றில் இருந்திருந்தால், வீடுகளில் 9,900 பேர். வெளியே உள்ள ஆயிரம் பேரில் 30 விழுக்காடு என்றாலும் கூடுதலாக 300 பேர்தாம். அங்கே அது மூன்று விழுக்காட்டுப் பிழை. ஆக, நோய் அரிதாகவும் சிறு குழுக்களில் செறிந்தும் இருக்கும் நாட்டில்தான் விடுபட்டவர்கள் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் நன்கு உதவிய வீட்டுக் கணக்கெடுப்பை இந்தியாவில் அப்படியே நம்பமுடியாமல் போனதற்கு இதுவே காரணம். 2007இன் குழுவினரும் இதை அறிந்தே இருந்தனர். ஆய்வின் 0.28க்கும் அறிவிப்பின் 0.36க்கும் இடையில், வீட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்காகச் செய்த திருத்தம் நிற்கிறது.

இந்தத் திருத்தத்திற்கு அறிவு எங்கிருந்து வந்தது? வெளியே எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று என்ற இரண்டும் தெரியவேண்டும். முதல் வினாவுக்கான விடையின் வேர், வியப்பூட்டும் வகையில், எய்ட்ஸ் என்ற பெயரே இல்லாத காலத்து வங்கத்தில் கிடக்கிறது.

கல்கத்தாவின் அனைத்திந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் சி. சந்திரசேகரன். அந்நிறுவனத்தின் களமாக இருந்த சிங்கூரில் பிறப்பு-இறப்புப் பதிவேடு எத்தனை பிறப்புகளையும் இறப்புகளையும் தவறவிடுகிறது என்பதை அறிய, 1947இல் வீடு வீடாக விசாரித்து முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கான இன்னொரு பட்டியல் திரட்டப்பட்டது. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்குடன் இணைந்து 1949இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இரண்டு குறைப்பட்ட பட்டியல்களிலிருந்து எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களை மதிப்பிடும் வழியைக் காட்டியது. பதிவேட்டில் 600 பேர், விசாரணையில் 500 பேர், இரண்டிலும் இருப்போர் 400 என்று கொண்டால், விசாரணை கண்ட 500 பேரில் பதிவேடு பிடித்தது 400. ஆகவே பதிவேட்டின் பிடிப்புத்திறன் ஐந்தில் நான்கு. 600 என்பது ஐந்தில் நான்கு என்றால் மொத்தம் 750. இரு பட்டியல்களையும் சேர்த்தால் கிடைப்பது 700. ஆக, யாருமே காணாத 50 பேர் இருக்கிறார்கள். குளத்து மீனைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு மறுபடி வலை வீசும் உயிரியலாளரின் உத்தியும் இதுதான்.

ஆனால் மீன் குளத்துக்கும் மனிதச் சமூகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சந்திரசேகரன் அப்போதே கண்டார். இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் கணக்கு நிற்கும். பதிவேட்டில் விடுபட்ட அதே வீடு விசாரணையிலும் விடுபடும் இயல்புடையதானால், காணாமற்போனவர்கள் மதிப்பீட்டிலும் காணாமற்போவார்கள். இந்தச் சார்பைத் தணிக்க, மக்களை ஒத்த இயல்புடைய சிறு பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியே கணக்கிடச் சொன்னார்கள் அவர்கள். பிற்காலத்தில் பாலியல் தொழிலாளர்களையும் ஊசிவழி போதைப்பொருள் எடுப்போரையும் எண்ண இதே முறை உலகெங்கும் கையாளப்பட்டபோது சிக்கலும் இதுவாகவே இருந்தது. காவலருக்கு அஞ்சுபவர் தொண்டு நிறுவனத்தின் ஊழியருக்கும் அஞ்சி ஒதுங்கினால், இரண்டு வலையிலும் சிக்காதவர் தொகை குறைத்தே மதிப்பிடப்படும்.

அதே கல்கத்தா நிறுவனத்தில் பணிபுரிந்த ஸ்மரஜித் ஜானா 1992இல் சோனாகாச்சியில் தொடங்கிய நோய்த்தடுப்புத் திட்டம், வலையைச் செம்மைப்படுத்தவில்லை. வலை வீசுபவரை மாற்றியது. பாலியல் தொழிலாளர்களே சக தொழிலாளர்களைச் சந்திக்கும் களப்பணியாளர்களாக ஆயினர். 1995இல் அது துர்பார் என்ற அவர்களது சொந்த அமைப்பாக வளர்ந்தது. சிங்கூரிலிருந்து சோனாகாச்சிக்கு அந்நிறுவனத்தில் நேரடியான கருத்துத் தொடர்ச்சி இருந்ததா என்பதைவிட, ஒரே நிறுவனம் ஐம்பதாண்டு இடைவெளியில் ஒரே கேள்விக்குச் சூத்திரத்தாலும் உறவாலும் இருவேறு விடைகள் கண்டது என்பதே வரலாற்றுக்குச் சுவையானது.

இரண்டாவது வினாவுக்கு, அதாவது வெளியே உள்ளவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று என்பதற்கு, 2005-07இல் ஆறு மாநிலங்களில் நடந்த ஒருங்கிணைந்த நடத்தை, உயிரியல் மதிப்பீடு முயன்றது. பட்டியலே இல்லாத மக்களிடையே மாதிரி எடுக்க இரண்டு வழிகள் கையாளப்பட்டன. ஒன்றில் ஆட்களுக்குப் பதில் இடமும் நேரமும் பட்டியலிடப்பட்டன: இந்தப் பேருந்து நிலையம், வெள்ளிக்கிழமை, மாலை ஏழு மணி. மற்றது, அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997இல் முன்வைத்த முறை. சிலரிடம் சீட்டுகள் தரப்படும். அவர்கள் தமக்குத் தெரிந்தவர்களை அழைத்துவர, அவர்கள் வேறு சிலரை அழைத்துவருவார்கள். அறிமுகம் அதிகம் உள்ளவர் அகப்படும் வாய்ப்பும் அதிகம் என்பதால், ஒவ்வொருவரின் விடையும் அவரது அறிமுக வட்டத்தின் அளவால் வகுக்கப்பட்டு எடை குறைக்கப்படும். அறிமுகமே இல்லாமல் தனித்து வாழ்பவர் இந்த முறையிலும் வரமாட்டார். ஒவ்வொரு வலையும் தன் கண்ணளவுக்கேற்ற மீனையே பிடிக்கிறது.

வீட்டுக்குள் இருந்தும் மறுத்தவர்களைப் பற்றிய விவாதம் வேறு திசையில் சென்றது. வயது, கல்வி, செல்வநிலை, ஊர் ஆகியவற்றில் ஒத்திருக்கும் சோதிக்கப்பட்டவரின் விகிதத்தையே மறுத்தவருக்கும் பொருத்துவது வழக்கமான தீர்வு. அப்படிச் செய்தால் பல நாட்டுக் கணக்கெடுப்புகளில் எண் சிறிதே மாறியது. பிரச்சினை இல்லை என்று பலரும் நிம்மதி அடைந்தனர். அந்த நிம்மதி பொருளற்றது. தனக்குத் தொற்று இருப்பதை ஏற்கெனவே அறிந்தவர் அதனாலேயே மறுக்கிறார் என்றால், அவரது கல்வியும் வீட்டுக் கூரையும் அதைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. வேலைக்குச் செல்லாத பெண்களின் ஊதியம் எவ்வளவாக இருந்திருக்கும் என்ற சிக்கலுக்காகப் பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் 1970களில் உருவாக்கிய தேர்வு மாதிரியை எச்.ஐ.வி. கணக்கெடுப்புக்கு எடுத்துவந்தவர்கள், மறுப்பைப் பாதிக்கும் ஆனால் தொற்றைப் பாதிக்காத ஒரு காரணியைத் தேடினார்கள். கிடைத்தது கேள்வி கேட்பவர். இனிமையாகப் பேசிச் சம்மதம் பெறும் களப்பணியாளரும் இருப்பார், கதவிலேயே திருப்பி அனுப்பப்படுபவரும் இருப்பார். அவர்களுள் யார் வந்தார் என்பதால் வீட்டிலிருப்பவரின் தொற்று மாறாது. சாம்பியாவின் 2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இதைப் பயன்படுத்தி 2011இல் வெளியான ஆய்வு, ஆண்களின் பரவலை வழக்கமான 12 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாக உயர்த்தியது.

அழகான உத்தி; ஆனால் விடை, கண்ணுக்குத் தெரியாத பிழைகளின் பரவல் வடிவத்தைப் பற்றிய எடுகோளில் தொங்குகிறது. எடுகோளே வேண்டாம் என்றால் சார்லஸ் மான்ஸ்கியின் வரம்புகள் இருக்கின்றன. அவற்றை இந்திய ஆண்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம். சோதிக்கப்பட்ட 78 விழுக்காட்டினரில் 0.36 என்பது மொத்தத்தில் 0.28. சோதிக்கப்படாத 22 விழுக்காட்டினரில் ஒருவருக்கும் தொற்று இல்லை என்றால் விடை 0.28, எல்லாருக்கும் இருந்தால் 22.28. தரவு மட்டும் சொல்லக்கூடியது இவ்வளவே. இந்த அகன்ற வெளியைச் சுருக்குவன அனைத்தும் மனித நடத்தையைப் பற்றிய நம்பிக்கைகள். அவை நியாயமான நம்பிக்கைகளாக இருக்கலாம், பெரும்பாலும் நியாயமானவைதாம். ஆனால் பத்திரிகைத் தலைப்பில் தசமப் புள்ளியுடன் அச்சாகும்போது அவை அளவீடாகத் தோற்றம் கொள்கின்றன. 2007இன் அறிவிப்பில் 20 முதல் 31 லட்சம் என்ற வீச்சும் சேர்த்தே சொல்லப்பட்டது. மறுநாள் நாளேடுகளில் 25 லட்சம் மட்டுமே தங்கியது.

எண் பாதியானதால் நடந்தவை சில. இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் தொடங்கியிருந்தது. தொற்றாளர்களில் எத்தனை விழுக்காட்டினர் மருந்து பெறுகின்றனர் என்ற பின்னத்தின் கீழெண் சுருங்கியதும், ஒரு மாத்திரைகூடக் கூடுதலாக வழங்கப்படாமலே திட்டத்தின் வீச்சு ஏறத்தாழ இரட்டிப்பாகத் தோன்றியது. புதிய முறையைப் பின்னோக்கிச் செலுத்தியபோது 2002ஆம் ஆண்டுக்கு 27 லட்சம் அளவில் விடை கிடைத்தது. அந்த ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்ட எண் 45.8 லட்சம். ஆக, நோய் தீவிரமாக ஏறிக்கொண்டிருந்ததாக எல்லாரும் நம்பிய ஆண்டுகளில் அது மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. சென்டினல் இடங்கள் 2006க்குள் 1,100ஐத் தாண்டியிருந்தன. இடங்கள் பெருகும்போது குறைந்த பரவல் உள்ள மாவட்டங்களும் உள்ளே வந்தன. எண் சுருங்கியதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் தூணாக நின்ற வீட்டுக் கணக்கெடுப்பைப் போல அது விவாதிக்கப்படவே இல்லை.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரது அறிந்த ஒப்புதல் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. சோதனை செய்யக்கூடாது என்கிறது அது. ஒப்புதல் தேவைப்படாத சில சூழல்களையும் அது வரையறுக்கிறது. அவற்றுள் ஒன்று, பெயர் அறியாமல் நடத்தப்படும், எந்தத் தனிநபரின் தொற்றுநிலையையும் அறியும் நோக்கம் இல்லாத நோய்ப்பரவல் கண்காணிப்பு. அப்படிப்பட்ட ஆய்வு எதற்காக நடக்கிறது என்பதை மட்டும் அதற்கு உட்படுவோருக்குத் தெரிவிக்க வேண்டும்.